ஏலாக்குறிச்சி தந்த அகராதி



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிப்ளமோ படிக்க வந்திருக்கும் நம்மில் பலர் பத்தாவது வரை தமிழ் மீடியம்தான். லேத் மெஷின் முன்னால் நின்றால் கை தானாக வேலை செய்கிறது. வயரிங் போர்டைப் பார்த்தால் எங்கே என்ன போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பத்து வார்த்தை தெரியாத வார்த்தை! பரீட்சையில் கேள்வியில் இருக்கும் ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் புரியாததால், தெரிந்த பதிலையும் எழுதாமல் வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அதில் விழுகிற அரியர் பாடம் தெரியாததால் விழுந்தது அல்ல, சொல் தெரியாததால் விழுந்தது. சில பேர் முதல் வருஷத்தோடு படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறோம். இங்கிலீஷ் நமக்கு வராது. அது கான்வென்ட்டில் படித்தவனுக்குத்தான் வரும். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசியிருந்தால்தான் வரும்.

அப்படியா? சரி. முப்பது வயது வரை தமிழ்நாட்டு மண்ணையே மிதிக்காத ஒருவர், இங்கே வந்து தமிழ் கற்று, தமிழனுக்கே தமிழ் அகராதி எழுதிக் கொடுத்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அவர் வாழ்ந்து பணி செய்த இடம் எங்கேயோ இல்லை. நம்ம அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிதான். அவர் பெயர் வீரமாமுனிவர்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலி நாட்டில் காஸ்திக்லியோனே என்ற ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்டான்சோ ஜோசப் பெஸ்கி. 1698-ல், நம்மில் பலருடைய இன்றைய வயதில், இயேசு சபையில் சேர்ந்தார். 1709-ல் குருவானார். அடுத்த ஆண்டே கப்பலேறி கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து 1711-ல் தமிழகம் வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! நாம் பதினாறு வயதில், பதினேழு வயதில் இங்கிலீஷுக்கு வயது தாண்டிவிட்டது என்று பேசுகிறோம். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், முப்பது வயதில், அ என்ற எழுத்திலிருந்து ஆரம்பித்தவர் அவர்.

அவருக்குத் தமிழ் படிப்பு ஓர் அலங்காரம் அல்ல. மதுரை மிஷன் என்று சொல்லப்பட்ட சமயப் பணிக்காக வந்தவர் அவர். பேசத் தெரியவில்லை என்றால் வந்த வேலையே நடக்காது. தென்பாண்டி நாட்டில் காமநாயக்கன்பட்டி முதலான இடங்களில் சில ஆண்டுகள் பணி செய்தார். அங்கே எதிர்ப்பும் இருந்தது. சிறைப்பட்டு, உயிருக்கே ஆபத்து வந்து, தப்பிப் பிழைத்தார். மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

பெயரிலேயே ஒரு பாடம்

கொன்ஸ்டான்சோ என்ற இத்தாலியப் பெயருக்கு உறுதி, அசையாத மனம் என்று பொருள். அந்தப் பெயரைத் தமிழர் வாயில் நுழையாதபடி அப்படியே வைத்துக்கொள்ளாமல், அதன் பொருளைப் பிடித்து தைரியநாதர் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டார். தமிழ் நன்றாகத் தெரிய வந்தபின், தைரியநாதர் என்பது வடமொழிச் சாயல் என்று வீரமாமுனிவர் ஆனார்.

சொல்லின் ஒலியைப் பிடித்தால் ஒரு சொல் கிடைக்கும். பொருளைப் பிடித்தால் அதன் இனம் முழுக்கக் கிடைக்கும். இதைத் தன் பெயரிலேயே செய்து பார்த்தவர் அவர். உடையிலும் உணவிலும்கூட இந்த நாட்டுத் துறவியைப் போலவே காவி தரித்து, புலால் நீக்கி வாழ்ந்தார் என்று அவர் சரித்திரம் சொல்கிறது.

நம்ம மண்ணில்

பின்னர் அவர் ஏலாக்குறிச்சிக்கு வந்தார். அன்றைக்கு இந்தப் பகுதி அரியலூர் மழவராயர்களின் பாளையம். வெகு காலம் திருச்சி மாவட்டத்தில் இருந்த ஊர், 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்தோடு வந்தது. 2007-லிருந்து அரியலூர் மாவட்டம். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று தமிழ்ப் பெயரும் சூட்டினார். திருக்காவலூர்க் கலம்பகம் என்ற அவர் நூல் இந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

தமிழை அவர் எப்படிக் கற்றார்? இரண்டு வழியில் கற்றார்.

ஒன்று, புலவர்களிடம் பாடம் கேட்டார். சுப்பிரதீபக் கவிராயர் என்பவர் அவருடைய ஆசிரியர் என்று சொல்வார்கள். திருக்குறள், சிந்தாமணி என்று பெரிய நூல்களை முறையாகப் படித்தார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730-வாக்கில் லத்தீனில் மொழிபெயர்த்தார்.

இரண்டு, ஊர் ஊராகப் போய் ஜனங்களோடு பேசினார். களத்திலும் வயலிலும் சந்தையிலும் மக்கள் பேசுகிற தமிழ் வேறு, ஏட்டில் இருக்கும் தமிழ் வேறு என்பதை உணர்ந்தார். அதற்காகப் பேச்சுத் தமிழை அவர் கீழாக நினைக்கவில்லை. அதற்கென்றே 1728-ல் லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் என்று அதைச் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து 1738-ல் அது தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டது யார் தெரியுமா? சமயக் கொள்கையில் அவரோடு கடுமையாக வாதாடிக்கொண்டிருந்த லூத்தரன் மிஷனரிகள்! எதிரணிக்காரர்களே அச்சிட்டுப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தப் புத்தகம் தேவையாக இருந்தது.

இலக்கியத் தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் என்று ஓர் இலக்கணம் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தையும் சொல்லும் நூல் அது. அவருடைய பெரிய காப்பியம் தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம், 3615 விருத்தப்பா! தாய்மொழியில் நாலு வரி கடிதம் எழுதவே நாம் திணறுகிறோம். இவர் வந்த மொழியில் காப்பியம் பாடினார்.

புள்ளியில் ஒரு சிக்கல்

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. எ, ஒ என்ற குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். இதுதான் விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிக் கிழியும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதிவிடுவார்கள். அப்புறம் எரியா ஏரியா? கொடா கோடா? ஒடா ஓடா? வாசிப்பவன்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்.

தமிழிலேயே பிறந்தவனுக்கு அது பழகிப்போன சங்கதி. புதிதாகக் கற்பவனுக்கு அதுதான் முட்டுச்சுவர். முனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்தார். இன்று நாம் எழுதும் ஏ, ஓ என்ற எழுத்துகளும், இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் செய்த சீர்திருத்தத்தின் வழியாக வந்தவை. புதிதாகக் கற்க வந்தவன் பட்ட சிரமம், கடைசியில் எல்லோருக்கும் வசதியாக முடிந்தது. நம் சிரமத்தையும் இப்படிப் பார்க்கலாமே!

சதுரகராதி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

முனிவர் காலத்தில் சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுதான் கதி. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் பல உண்டு. எல்லாம் பாட்டு. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரத்தின் பெயர் என்று தொகுதி தொகுதியாக இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முழுதும் மனப்பாடம் பண்ணுவார்கள். நிகண்டு மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கு அது பொக்கிஷம். தெரியாதவனுக்கு? ஒரு சொல்லின் பொருள் தேட, அது எந்தப் பாட்டில் வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். பொருள் தெரியாதவனுக்கு அது எந்தத் தொகுதி என்று எப்படித் தெரியும்? பூட்டைத் திறக்கும் சாவி பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருந்த மாதிரி.

1594-ல் எழுந்த அகராதி நிகண்டு என்ற நூல் சொற்களை முதல் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தியது. அதுவும் பாட்டுதான். முனிவர் ஒரு படி மேலே போனார். சொற்களைப் பாட்டிலிருந்து கழற்றி எடுத்தார். முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து என்று அகர வரிசையில் அடுக்கி, பக்கத்தில் உரைநடையில் பொருள் எழுதினார். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், புரட்டினால் போதும். 1732-ல் முடித்த அந்த நூல்தான் சதுரகராதி. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தரும் இன்றைய அகராதிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. அச்சில் வந்தது அவர் காலத்துக்கு வெகு பின்னால், 1824-ல், சென்னையில்.

சதுர் என்றால் நான்கு. நான்கு பகுதி அதில் உண்டு.

முதலாவது பெயரகராதி. ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது. உதாரணத்திற்கு அரி என்ற சொல். திருமாலும் அரி, சிங்கமும் அரி, குரங்கும் அரி, தவளையும் அரி. நம்ம அரியலூர் பெயருக்கே அரி இல் ஊர், திருமால் உறையும் ஊர் என்று விளக்கம் சொல்வார்கள்.

இரண்டாவது பொருளகராதி. ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைச் சொல்வது. யானை என்றால் களிறு, வேழம், கரி, வாரணம் என்று ஒரு கூட்டமே வரும்.

மூன்றாவது தொகையகராதி. ஐம்பூதம், அறுசுவை என்று எண்ணிக்கையோடு சேர்ந்து நிற்கும் கூட்டங்களைச் சொல்வது.

நான்காவது தொடையகராதி. எதுகையாக ஒத்து வரும் சொற்களைச் சேர்த்துத் தருவது. பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு ரொம்ப உபயோகம்.

சொல் என்பது மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடக்கும் சரக்கு. கொட்டிக் கிடந்தால் குப்பை. ரேக் போட்டு அடுக்கினால் ஸ்டோர் ரூம். முனிவர் செய்தது ரேக் போட்ட வேலை. ஒரே சரக்கை நாலு வகையாக அடுக்கினார், எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் கைக்குக் கிடைக்கும்படி.

நமக்கு ஒரு சதுரகராதி

நாம் என்ன செய்கிறோம்? ஏ-யில் ஆரம்பித்து தினம் பத்து வார்த்தை என்று எழுதி உருப்போடுகிறோம். மூன்றாம் நாள் முதல் நாள் வார்த்தை மறந்துபோகிறது. அடுத்த வாரம் நோட்டே மறந்துபோகிறது. அது நிகண்டு வழி. அகராதி வழியில் போய்ப் பார்ப்போமே!

ஒரு சொல் பல பொருள்: பேரிங் என்றால் மெக்கானிக்கல் மாணவனுக்குத் தண்டைத் தாங்கும் தாங்கி. சிவில் மாணவனுக்கு சர்வேயில் திசையைக் காட்டும் கோணம். கரண்ட் என்றால் மின்னோட்டம், ஆற்றில் நீரோட்டம், நடப்பு என்றும் பொருள். மொமெண்ட் என்றால் பேச்சில் ஒரு கணம். மெக்கானிக்ஸில் திருப்புவிசையின் அளவு. டை என்றால் ஒர்க்‌ஷாப்பில் மரை வெட்டும் கருவி. வெளியே அதே ஒலிக்கு மரணம்! சின்ன டிக்‌ஷனரியில் முதலில் போட்டிருக்கும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் கேள்வி தலைகீழாகிவிடும்.

ஒரு பொருள் பல சொல்: நாம் ஸ்பேனர் என்பதை அமெரிக்கப் புத்தகம் ரென்ச் என்கிறது. நாம் எர்த் என்பதை அது கிரவுண்ட் என்கிறது. பெட்ரோல் அங்கே கேஸோலின். புது வார்த்தை என்று பயப்பட வேண்டாம். பழைய ஆசாமி, சட்டை மட்டும் வேறு.

தொகை: சக்‌ஷன், கம்ப்ரஷன், பவர், எக்ஸாஸ்ட். நாலு ஸ்ட்ரோக்கும் சேர்ந்தே நிற்கட்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் வரும்.

தொடை: மோனை மாதிரி முன்னால் ஒத்துவரும் சொற்கள் உண்டு. தெர்மோ என்றால் வெப்பம். தெர்மாமீட்டர், தெர்மோஸ்டாட், தெர்மோகப்பிள், தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். ஹைட்ரோ என்றால் நீர். ஹைட்ராலிக்ஸ் அந்த வீட்டுப் பிள்ளை. இயைபு மாதிரி பின்னால் ஒத்துவருவதும் உண்டு. மீட்டர் என்று முடிந்தால் பல சமயம் ஏதோ அளக்கும் கருவியாக இருக்கும். அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மைக்ரோமீட்டர், ஹைட்ரோமீட்டர். தலையும் வாலும் தெரிந்தால், பார்த்தே இராத வார்த்தைக்கும் பாதி அர்த்தம் கிடைத்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டை நாலாகப் பிரித்தால் போதும். காசு பெரிதாக ஆகாது.

சிரித்துக்கொண்டே படித்தவர்கள்

பரமார்த்த குருவின் கதை கேட்டிருப்பீர்கள். குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் அடிக்கும் கூத்து. அதை எழுதியவரும் வீரமாமுனிவர்தான். தமிழ் கற்பவர்கள் படித்துப் பழக, எளிய நடையில் எழுதினார். சீடர்களின் பெயரைப் பாருங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். சுற்றிச் சுற்றி ஏறக்குறைய ஒரே அர்த்தம்! கதையைப் படிப்பதற்குள்ளேயே ஐந்து சொல் மனதில் ஒட்டிக்கொள்கிறது. பொருளகராதியைச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்த கெட்டிக்காரர்.

1822-ல் இந்தக் கதையை பாபிங்டன் என்ற ஆங்கிலேயர், ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் லண்டனில் வெளியிட்டார். அதாவது, இங்கிலீஷ்காரர்கள் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்து, தட்டுத் தடுமாறித் தமிழ் படித்தார்கள். அவர்களுக்கும் தமிழ் பிறவியிலேயே வந்துவிடவில்லை. நமக்கு இங்கிலீஷ் எப்படியோ, அவர்களுக்குத் தமிழ் அப்படி. தடுமாறுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முடிவு

முனிவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. கடைசி நாட்களில் கேரளத்தில் அம்பலக்காடு என்ற ஊரில் இருந்தார். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே காலமானார். மணப்பாட்டில் 1742-ல் இறந்தார் என்று பழைய நூல்களில் காணப்படும். பின்னால் வந்த ஆராய்ச்சி அம்பலக்காடு என்று காட்டியது. அந்த அம்பலக்காட்டில்தான், அவர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1679-ல், தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துகீசில் பொருள் சொல்லும் அகராதி ஒன்று அச்சானது. அந்தோ தெ ப்ரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்தது. ஒருவர் சேர்த்து வைத்த சொல் அடுத்து வருபவருக்கு ஏணியாகிறது. முனிவரும் லத்தீன், போர்த்துகீசு மொழிகளோடு தமிழைச் சேர்த்து அகராதிகள் தொகுத்தார். தான் பட்ட பாடு தனக்குப் பின்னால் வருபவன் படக்கூடாது என்று நினைத்தால்தான் இப்படி ஒரு வேலையில் ஆயுளைப் போட முடியும்.

1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினா கடற்கரையில் கம்பருக்கும் வள்ளுவருக்கும் சிலை வைத்த வரிசையில் இந்த இத்தாலியருக்கும் சிலை வைத்தார்கள். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

நண்பர்களே! நாளைக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் அப்ரென்டிஸ் இன்டர்வியூவுக்கு உட்காரும்போது, நமக்குத் தொழில் தெரியுமா என்பதைக் கேட்பவர் இங்கிலீஷ் சொற்களில்தான் கேட்பார். கிளிங்கர் என்றால் என்ன, கில்ன் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். கேள்வியின் மீதிச் சொற்களும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேதையாகப் பிறக்க வேண்டியதில்லை. ஒழுங்காக அடுக்கி வைக்கும் கை வேண்டும். அடுக்கி வைப்பது தொழில் படிக்கும் நமக்குக் கைவந்த வேலைதானே!

ஒவ்வொரு பிரிவிலும் மூன்றாமாண்டு அண்ணன்களும் அக்காக்களும், தாங்கள் தடுக்கி விழுந்த வார்த்தைகளை நாலு பகுதியாக ஒரு நோட்டில் எழுதி, போகும்போது முதலாமாண்டுத் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்த வருஷம் அவர்கள் இன்னும் நாலு பக்கம் சேர்க்கட்டும். பாடம் தெரிந்தும் சொல் தெரியாமல் ஊருக்குத் திரும்புகிற ஒரு தம்பியை அந்த நோட்டு நிறுத்தி வைத்தால், ஏலாக்குறிச்சியில் ஒரு காலத்தில் விளக்கேற்றிச் சொல் அடுக்கியவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.

வாழ்க தமிழ்! வளரட்டும் நம் ஆங்கிலமும்!